செக்ரோலில் எழுதிய ஊர்

1

நகர நூலகத்தின் மேல்மாடியில் வியாழக்கிழமை சாயந்தரம் தியான வகுப்பு நடக்கிறது என்று என் மகள் கமலா கண்டுபிடித்து வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளைக் ‘கேம்’ என்று கூப்பிடுகிறார்கள். இப்போது வீட்டிலும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அப்படிப்பட்டவள், இது உங்கள் பக்கத்து விஷயம்தானே அப்பா, நீங்களும் வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தபோது மறுக்க மனம் வரவில்லை.

போனால் கம்பளிச் சட்டை போட்ட ஏழெட்டு அம்மாமார், ஒரு பென்ஷன்காரர், ஓரத்து மேசையில் தேநீரும் பிஸ்கட்டும். வகுப்பு எடுக்கும் அம்மையார் என்னைப் பார்த்ததும் பூரித்துப்போனார். கீழ்த்திசைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், அவரே நமக்குச் சொல்லித் தரலாம் என்றார். நான் பஸ் கண்டக்டர். தியானத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தமெல்லாம், தியானம் செய்கிற ஒரு சிநேகிதன் பக்கத்தில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டை பிடுங்கிப் போட்டதோடு சரி. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்துவைத்தேன்.

கண்டக்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. லண்டனுக்கு வந்த புதிதில் இந்த வேலை கிடைத்ததை நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு எழுதினேன். நம் பக்கத்தில் மலையில் வேலை வாங்கும் பெரிய உத்தியோகத்தரைக் கண்டாக்கையா என்போம் அல்லவா? சண்முகம் சீமைக்குப் போய்க் கண்டாக்கு ஆகிவிட்டான், பங்களாவும் கொடுத்திருப்பார்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்களாம். நானும் திருத்தி எழுதவில்லை. பஸ்ஸில் மணியடித்துச் சீட்டுக் கிழிக்கிறேன் என்று சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

அம்மையார் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். உங்களுக்கே உங்களுக்கென்று உள்ள ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நினைத்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, என் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. கமலா என்னை வெளியே கூட்டிவந்து படிக்கட்டில் உட்காரவைத்தாள். யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆண்டியப்பன் என்றேன். அது யார் என்றாள். சொல்ல முயன்றேன். நடுவில் ‘ஊர்’ என்ற சொல் வந்தது. அதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாள். முன்பு அந்தச் சொல்லை நான் இங்கிலீஷில் போட்டு, அதனால் ஒரு மனிதனின் வாழ்க்கை போயிற்று. மகளிடம் சொல்ல முடியாததை, மலைநாட்டில் பிறந்த உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்காவது அந்தச் சொல் விளங்கும்.

2

ஆண்டியப்பனும் நானும் டயகமவுக்கு மேலே ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. என் அப்பா கணக்கப்பிள்ளை. அதனால் என்னை அட்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அவனுக்கு அப்பா இல்லை. அதனால் அவன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தேயிலைச் செடி வெட்டப் போனான். நான் திரும்பிவந்து தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் ஆனேன்.

ஆபீஸ் வாசலில் அவன் என்னை ‘ஐயா, நீங்க’ என்பான். தேயிலை முடிந்து காடு தொடங்கியதும் ‘வாடா சம்முவம்’ ஆகிவிடும். எந்த இடத்தில் மாற்றுவது என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். கடைசித் தேயிலைச் செடியைத் தாண்டிய அடுத்த அடியில் அவன் கை என் தோளில் விழும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் அக்கரப்பத்தனை பஜாருக்குப் போவார்கள். இவன் காட்டுக்குப் போவான். காடு ஏறி முடிந்தால் பத்தனை, புல் மட்டும் வளர்ந்த பெருவெளி. அதன் விளிம்பில் ஒரு பாறை. அங்கிருந்து பார்த்தால் எங்கள் லயங்கள் தீப்பெட்டி அடுக்கியதுபோலக் கீழே தெரியும், பனி விலகியிருந்தால். பெரும்பாலும் விலகாது. எந்தச் சரிவில் மரை தண்ணீர் குடிக்க வரும், எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்த மாசத்தில் எந்தப் பூ என்று அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாய் திறக்க மாட்டான். நான் கேட்டால் மோவாயை அந்தத் திசைக்கு ஆட்டுவான், அவ்வளவுதான்.

பாறையில் ஏறியதும் சம்மணம் கூட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. மந்திரமும் கிடையாது, சாமி பெயரும் கிடையாது. என்னடா நினைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணும் நெனைக்கல. வர்ற மூச்ச எண்ணிக்கிட்டு இருக்கேன். அம்பது வர்றதுக்குள்ள கங்காணி மூஞ்சி வந்துருது. மறுபடி ஒண்ணுலேர்ந்து.”

பேருக்கேற்ற ஆண்டி என்று லயத்தில் கேலி செய்வார்கள். அவன் மனைவி செல்லம்மாவும் சேர்ந்துகொள்வாள். ஆண்டி மடம் கட்டுகிற கதையாக இல்லாமல், இவர் மடமே இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார் என்பாள். அவள் குரலில் கோபம் இருந்து நான் கேட்டதில்லை. அந்தப் பாறையிலிருந்து இறங்கி வருகிறவன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொள்வான். லயத்தில் அது எத்தனை பெண்களுக்கு வாய்த்தது?

அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த நேரங்கள்தான் என் வாழ்க்கையில் நான் பயமில்லாமல் இருந்த நேரங்கள். இதைச் சொல்ல வெட்கமில்லை.

3

நம் மலைநாட்டில் ‘ஊர்’ என்றால் ஒன்றே ஒன்றுதான். ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போகிற இந்தியா. திருச்சிப் பக்கம், சேலத்துப் பக்கம், மதுரைப் பக்கம். அங்கே பிறந்தவருக்கும் ஊர் அதுதான், அதைக் கண்ணால் காணாதவருக்கும் ஊர் அதுதான். நாம் பிறந்து வளர்ந்து செத்துப் புதைகிற இடத்துக்குப் பெயர் தோட்டம். அதை யாரும் ஊர் என்று சொல்வதில்லை.

ஆண்டியப்பனுக்கு அந்த ஊர் இல்லை. அவன் அம்மாவுக்குத் திருச்சி ஜில்லா என்பதற்கு மேல் எதுவும் ஞாபகமில்லை. ஊருக்குப் போய்வந்தவர்கள் கருப்பட்டியும் பித்தளைச் செம்பும் கொண்டுவந்து லயத்தில் காட்டும்போது, உனக்கு எதுடா ஊர் என்று யாராவது சீண்டுவார்கள். அவன் மேலே காட்டைக் காட்டுவான். என் ஊருக்குக் கப்பல் வேண்டாம், கால் போதும் என்பான். வேடிக்கையாகத் தொடங்கியது அவன் பேச்சில் தங்கிவிட்டது. அவன் எங்கே என்று கேட்டால் செல்லம்மாவே ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்பாள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் மாசி மாசத்தில், அரிசியும் கருவாடும் கம்பளியும் கட்டிக்கொண்டு பதினைந்து நாள் அங்கேயே போய் இருந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை போவதை யாரும் கேட்பதில்லை. பதினைந்து நாள் காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால், பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள். துரைக்குக் காரணம் வேண்டும். கவ்வாத்துக்காரன் ஒருவன் மலைமேல் கண்ணை மூடி உட்காரப் போயிருக்கிறான் என்று எந்தத் துரையிடம் சொல்வது?

முதல் வருஷம் அவன் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். பெரிய கிளாக்கர் இல்லாத நேரம்.

“ஊருக்குப் போறேன்னு போட்டுக்கிங்க ஐயா” என்றான். கண்ணில் சிரிப்பு.

வேலைக்கு வந்த நாள், வராத நாள் எல்லாம் குறிக்கிற புத்தகம் செக்ரோல். அது இங்கிலீஷில்தான் இருக்கும். துரைமார் பாஷையில் இந்தியாவுக்குப் பெயர் கோஸ்ட், அதாவது அக்கரை. ஊருக்குப் போனவர்கள் எல்லோருக்கும் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். அவன் பெயருக்கு நேரே பதினைந்து கட்டத்துக்கும் கோடு இழுத்து, நானும் ‘கோஸ்ட்’ என்று எழுதினேன். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று ஆபீசில் பெயர். நாலு வருஷம் அப்படி எழுதினேன். சிநேகிதனுக்கு ஓர் உபகாரம் செய்கிறோம் என்ற பெருமையும் இருந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை இதுதான்.

4

சுதந்திரம் வந்தது, பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. நாங்கள் அந்த நாட்டில் இத்தனை வருஷம் நிரந்தரமாக இருந்தோம் என்று விண்ணப்பம் போட்டு நிரூபிக்க வேண்டும். லயத்துக்காரனிடம் வேறென்ன தாள் இருக்கிறது? செக்ரோல்தான் சாட்சி. தோட்டத்தில் பாதிப்பேருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தது நான். ஆண்டியப்பனுக்கும் எழுதினேன். ‘இந்தத் தீவைவிட்டு நான் ஒருநாளும் வெளியே போனதில்லை’ என்று அவன் சொன்னதைச் சத்தியக் கடதாசியில் எழுதி, அவனைக் கையெழுத்துப் போடவைத்தேன். உண்மையைத்தான் எழுதினேன். செக்ரோலையும் இதையும் எழுதியது ஒரே கை என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து விசாரணைக்கு நுவரெலியாவுக்குக் கூப்பிட்டார்கள். செக்ரோலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. ஆண்டியப்பனிடம் சொன்னேன். சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க என்றான்.

அதிகாரிக்கு இங்கிலீஷ். மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். அதிகாரி புத்தகத்தில் ‘கோஸ்ட்’ என்ற இடத்தில் விரலை வைத்து ஏதோ சொல்ல, இவர் அதைத் தோட்டத்துப் பேச்சில் ‘ஊர்’ என்று போட்டுக்கொண்டு ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார்.

“நீர் ஊருக்குப் போய் வாறனீரோ?”

“போவேனுங்க. வருஷா வருஷம் மாசியில போவேன்.”

“எத்தனை நாள் நிண்டனீர்?”

“பதினஞ்சு நாளுங்க.”

“அங்கை உமக்கு ஆர் இருக்கினம்?”

“யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான்.”

கேட்டதற்கு மேல் விளக்கிச் சொல்ல அவனுக்கு இடமே தரவில்லை. ஒவ்வொரு பதிலும் இங்கிலீஷில் போய் அதிகாரியின் பேனாவில் இறங்கியது. புத்தகமும் அவன் வாயும் அச்சொட்டாக ஒத்துப்போயின. சத்தியக் கடதாசி மட்டும்தான் ஒத்துப்போகவில்லை. வருஷா வருஷம் இந்தியாவுக்குப் போகிறவன், போனதே இல்லை என்று பொய்ச் சத்தியம் செய்திருக்கிறான். அங்கே உள்ள உறவுக்காரரையும் மறைக்கிறான். திருட்டுத்தனமாகக் கடல் கடந்து வந்தவன் என்று ஏசுகிற கள்ளத்தோணி என்ற சொல் தெருவில் மலிந்திருந்த காலம் அது. கப்பல் சீட்டு எங்கே என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். இது உம்முடைய கையெழுத்தா என்றார். ஆம் சேர் என்றேன். அந்த ஒரு கேள்விதான் என்னிடம் கேட்டார். மேலே சொல்ல வாயெடுத்தேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி கையைக் காட்டினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கத்தியிருக்கலாம். மேசையில் அடித்துச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

5

நிராகரிப்புக் கடிதம் இங்கிலீஷில் ஆபீசுக்கு வந்தது. அதை ஆண்டியப்பனுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியவனும் நான்தான். அவன் கேட்டுக்கொண்டு, சரிங்க ஐயா என்று கவ்வாத்துக்குப் போய்விட்டான்.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. அந்தக் குறிப்பு பொய், எழுதியது நான், அவன் போனது இந்த மலைக்குத்தான் என்று நான் சத்தியம் செய்து கொடுத்தால் போதும். பெரிய கிளாக்கரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். ஓர் இடத்தில் பொய் என்றால் புத்தகம் முழுக்கப் பொய் ஆகிவிடும், அந்தப் புத்தகத்தை நம்பித்தான் இந்தத் தோட்டத்தின் அத்தனை விண்ணப்பமும் நிற்கிறது, உன் அப்பாவுடையதும் சேர்த்து என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போய் இதை ஆண்டியப்பனிடம் சொன்னேன். அன்றைக்கு அவன் கண்ணை மூடவில்லை. கீழே லயங்களைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“வேணான்டா. நீ எழுதுனது பொய்யின்னு சொன்னா அந்தப் பொஸ்தகமே பொய்யாயிரும். அத்தன குடும்பம் அதுலதான் நிக்கிது. நான் ஒருத்தந்தானே.”

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருஷமாக என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவன் நினைத்ததுபோலவும் நடக்கவில்லை. அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிசகு, ஒரு மாசம் விடுபட்டது, பிறப்புச் சாட்சி இல்லை என்று மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டார்கள். அந்தப் புத்தகம் கரைசேர்த்தது என் குடும்பத்தையும் விரல்விட்டு எண்ணக்கூடிய இன்னும் சிலரையும்தான். என் பாஸ்போர்ட் வந்தது. நான் இங்கே வந்தேன். செக்ரோலில் எழுதிய கை யாருடையது என்று அவன் செல்லம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வழியனுப்ப நானுஓயா ரயிலடி வரைக்கும் வந்தான். அங்கே தேயிலையும் இல்லை, காடும் இல்லை. நீங்க பத்திரமா போயிட்டு வாங்க என்றான். நீங்களா, நீயா என்று அவன் ஒரு நிமிஷம் தடுமாறியதைப் பார்த்தேன்.

6

இங்கே ஐந்து வருஷம் முடிந்ததும் இந்த நாட்டுப் பிரஜையாகப் பதிவதற்கு விண்ணப்பம் கொடுத்தேன். இடையில் நாட்டைவிட்டு வெளியே போனதுண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மறுபடி மறுபடி படித்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், விடுமுறைக்குப் போனதெல்லாம் கணக்கில்லை, கவலைப்படாதீர்கள் என்று சிரித்தாள். இருக்கிற இடத்தில் இருந்தவனுக்கு அங்கே இல்லையென்றார்கள், போனவனுக்கு இங்கே பரவாயில்லை என்கிறார்கள். எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதே வாரம் ஒரு வக்கீலிடம் போனேன். இந்தியப் பிரதமரும் நம் பிரதமரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி, பிரஜாவுரிமை இல்லாதவர்களை எண்ணிப் பிரித்து அனுப்பத் தொடங்குகிறார்கள் என்று பத்திரிகையில் வந்திருந்தது. ஆண்டியப்பன் எந்தப் பக்கத்துக் கணக்கில் விழுவான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பொய்க் குறிப்பை நான்தான் எழுதினேன் என்று சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்தேன். வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, உங்கள் நன்னடத்தையைப் பற்றியும் இப்போது விசாரிப்பார்கள், உங்கள் சான்றிதழ் கைக்கு வரட்டும், அதுவரை இதைத் தபாலில் போட வேண்டாம் என்றார்.

போடவில்லை. நாலு மாசம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தினமும் பஸ்ஸில் எத்தனையோ பேருக்கு இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து பார்த்து மூடுவேன். இந்தத் தடவை காப்பாற்ற எந்தக் குடும்பங்களும் இல்லை. நான் ஒருவன்தான் இருந்தேன். சான்றிதழ் வந்த மறுநாள் தபாலில் போட்டேன்.

கொழும்பிலிருந்து ஒரு பத்தியில் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட நபர் குடும்பத்துடன் முந்தின மாதமே இந்தியாவுக்குச் சென்றுவிட்டார், கோப்பு மூடப்பட்டது.

போன மாசம் செல்லம்மாவின் கடிதம் வந்தது, யாரோ எழுதிக்கொடுத்தது. அவள் சொந்தக்காரர்கள் இருக்கிற முசிறிப் பக்கம் போயிருக்கிறார்கள். சமவெளி. கடலைக்காட்டு வேலை. ஆனால் அங்கிருந்து தூரத்தில் நீலமாகக் கொல்லிமலை தெரியுமாம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போய்விட்டுச் சாயந்தரம் வந்துவிடுகிறேன் என்று ஆண்டியப்பன் கிளம்பியிருக்கிறான். நம் பக்கத்தில் பனிக்குள் ஒரு மலை கண்ணுக்குத் தெரிந்தால் அது கூப்பிடு தூரம். அங்கே தெரிகிற மலைக்கு ஒரு நாள் முழுக்க நடந்தாலும் போய்ச்சேர முடியாது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? வெயிலில், பாதியிலேயே, தரிசுக்காட்டில் விழுந்து கிடந்தவனை மாட்டு வண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். இரண்டு நாள்தான் உயிரோடு இருந்திருக்கிறான்.

கடிதத்தின் கடைசியில் செல்லம்மா நன்றி சொல்லியிருக்கிறாள். நான் லண்டனிலிருந்து ஏதோ காகிதம் அனுப்பியதை, தோட்டத்துக்கு வந்த நகலைப் பார்த்த பெரிய கிளாக்கர் அவளுக்குத் தெரிவித்திருக்கிறார், அதில் இருந்ததைச் சொல்லாமல். அவள் சொன்னதை எழுதியவர் அப்படியே எழுதியிருக்கிறார்.

“அவுங்களுக்காக எத்தனையோ பேர்கிட்ட போய் நின்னோம் ஐயா. எழுதுனது நீங்க ஒருத்தர்தான்.”

இந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.